டோக்கியோவில் 6 நாள், 23 இடங்கள்: எதை விடுவது?

கேள்வி: மே மாதம் டோக்கியோ போகிறோம். நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன், 68 வயது மாமியார். கையில் இருப்பது முழுதாக 6 நாள். கணவர் 23 இடங்களை மணிக்கணக்கோடு எக்ஸெலில் போட்டு வைத்திருக்கிறார் (பட்டியலை இணைத்திருக்கிறேன்). போன முறை வேறொரு ஊருக்குப் போனபோது மூன்றாம் நாளே மகள், “ரூமை விட்டு வரமாட்டேன்” என்று அழுதாள். மகன் பாதி ஊரைத் தூங்கிக்கொண்டே கடந்தான். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. முட்டி வலியும் உண்டு. “இவ்வளவு செலவு பண்ணிப் போயிட்டு ரூம்ல உட்காரவா?” என்கிறார் கணவர். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 23இல் எதையெல்லாம் விடலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியலை இரண்டு முறை படித்தேன். உங்கள் கணவர் நன்றாகவே மெனக்கெட்டிருக்கிறார். 23இல் சோடை போன இடம் என்று ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினால் போன முறை நடந்ததுதான் நடக்கும். இந்த முறை மூன்றாம் நாள் வரைகூடத் தாங்காது.

இரண்டாம் நாளில் “11:45 வரை ஸ்கைட்ரீ கோபுரம், 12:30 ஷின்ஜுகு” என்று இருக்கிறது. மேப்பில் பார்த்தால் கணக்கு சரிதான். ஆனால் ஷின்ஜுகு உலகிலேயே அதிக ஜனம் புழங்கும் ரயில் நிலையம். வாசல்கள் மட்டும் 200க்கு மேல். தனியாக வருகிறவர் அம்புக்குறியைப் பார்த்து விறுவிறுவென்று வெளியேறிவிடுவார். நீங்கள் ஐந்து பேர் இறங்கும்போது மாமியாருக்கு லிஃப்ட் வேண்டும். லிஃப்ட் இருக்கும் வாசல் பிளாட்பாரத்தின் மறுகோடியில் இருக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் சின்னவனுக்கு பாத்ரூம் வரும். எல்லாம் முடிந்து வெளியே வந்தால் மணி ஒன்றரை, யாரும் சாப்பிட்டிருக்கமாட்டீர்கள். குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். பிள்ளைகள் அழுத கதையை ஊர் திரும்பியவர்கள் என்னிடம் சொல்லும்போதெல்லாம், அழுகை தொடங்கிய இடம் பெரும்பாலும் இப்படி ஒரு நிலையத்து நடைபாதையாகத்தான் இருக்கும்.

அதனால் எதை விடுவது என்று பார்ப்பதற்கு முன்னால் கணக்கையே மாற்றிப் போடுங்கள். நாளுக்கு இத்தனை இடம் என்பதை விட்டு, நாளுக்கு ஒரு பேட்டை என்று வையுங்கள். காலையில் ரயிலேறி ஒரு பேட்டையில் இறங்குங்கள். அங்கே நடந்து பார்க்க முடிவதைப் பாருங்கள். சாப்பாடு முடிந்ததும் அறைக்கோ பக்கத்துப் பூங்காவுக்கோ போய்விடுங்கள். சாயங்காலம் தெம்பிருந்தால் சின்னதாக ஒரு சுற்று. கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆனால் டோக்கியோவின் பேட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர் மாதிரி. பாதியில் கிளம்புவதற்குத்தான் மனசு வராது.

முதல் இரண்டு நாள் காலை 8 மணிக்கு ஆரம்பிப்பதையும் எடுத்துவிடுங்கள். ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 7 மணி என்றால் உங்கள் மகனின் உடம்புக்கு அது விடிகாலை மூன்றரை. தூக்கத்தில் தட்டி எழுப்பிய குழந்தையை, ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை பிதுங்கி வழியும் ரயிலில் ஏற்றவே வேண்டாம். நிதானமாக எழுந்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்கு மேல் கிளம்புங்கள். உட்கார இடம்கூடக் கிடைக்கும்.

தங்குவதற்கு ஷின்ஜுகுவைப் போட்டிருக்கிறார். நான் உவேனோவைச் சொல்வேன். நரிதா விமான நிலையத்தில் ஸ்கைலைனர் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில், வழியில் மாறாமல் அங்கே வந்து இறங்கலாம். சுற்றுவட்ட ரயிலான யாமனோதே லைனும், கின்சா, ஹிபியா மெட்ரோ லைன்களும் அங்கே நிற்கும். முக்கியமான விஷயம், உங்கள் பட்டியலில் இருப்பவற்றில் பாதி உவேனோவைச் சுற்றியும் அதற்கு அடுத்த பேட்டையான அசாகுசாவிலும்தான் இருக்கின்றன. சாதாரண ஹோட்டல் அறைகள் பெட்டியைத் திறந்து வைக்க இடமில்லாத அளவுக்குச் சின்னவை. அதனால் சமையல் மேடையும் வாஷிங் மெஷினும் உள்ள அபார்ட்மென்ட் ஹோட்டலாகப் பாருங்கள். ஐந்து பேருக்கு இரண்டு அறை எடுப்பதைவிடச் செலவு அதிகம் வித்தியாசப்படாது. மாமியாரின் சாப்பாட்டுப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

உவேனோ ஒன்றுக்கே ஒரு முழு நாள் கொடுங்கள். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் மிருகக்காட்சி சாலை 1882இல் திறந்தது, ஜப்பானிலேயே முதலாவது. தொடக்கப் பள்ளி வயதுவரை அனுமதி இலவசம் என்பதால் உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் டிக்கெட் வேண்டாம். முழுவதையும் சுற்றி வராதீர்கள். மகன் எந்த மிருகத்தின் முன்னால் நிற்கிறானோ அங்கே நின்றுவிடுங்கள். பூங்காவிலேயே தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகமும் இருக்கிறது. வாசலில் முழு அளவு நீலத்திமிங்கிலச் சிலை ஒன்று தலைகீழாகப் பாய்வதுபோல் நிற்கும், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த அருங்காட்சியகத்தில் உங்கள் மகளுக்காக ஒன்று இருக்கிறது. ஹச்சிகோ என்ற நாயின் கதையைப் போவதற்கு முன்பே அவளுக்குச் சொல்லிவிடுங்கள். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் அது ஷிபுயா நிலையத்தில் காத்திருக்கும். 1925இல் அவர் வேலைக்குப் போன இடத்திலேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் ஏறத்தாழ 10 ஆண்டுகள், 1935இல் சாகும்வரை, அந்த நாய் நிலையத்துக்கு வந்து காத்திருந்தது. ஷிபுயாவில் அதன் சிலை இருப்பதை உங்கள் கணவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார். ஆனால் ஹச்சிகோவின் பாடம் செய்த உடல் உவேனோவின் இந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. முதலில் அவள் இதைப் பார்க்கட்டும். இன்னொரு நாள் காலையில், கூட்டம் சேர்வதற்கு முன் ஷிபுயாவுக்கு அழைத்துப் போனால், அந்தச் சிலைக்கு எதிரே எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை அவளே சொல்வாள்.

ஒரு திருத்தம்: பட்டியலில் உவேனோ திங்கட்கிழமை வருகிறது. மிருகக்காட்சி சாலை, அருங்காட்சியகம் இரண்டுக்குமே திங்கள் விடுமுறை. ஒதாய்பாவில் இருக்கும் மிராய்கான் அறிவியல் மையத்துக்குச் செவ்வாய் விடுமுறை. இந்த இரண்டையும் முதலில் மாற்றிவிடுங்கள்.

மாமியாருக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. பட்டியலிலும் அவருக்கென்று எதுவும் இல்லை. உவேனோ பூங்காவின் தாழ்வான பகுதியில் ஷினோபாசு என்ற பெரிய குளம் இருக்கிறது. நடுவில் தீவு மாதிரி ஒரு திட்டு, அதில் ஒரு கோயில். அங்கே இருப்பவள் பென்சைதென். நம்முடைய சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போனவள். ஜப்பானில் பொதுவாக வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பு வாத்தியத்தோடு அவளைக் காட்டுவார்கள். குளத்தங்கரையிலிருந்து சமதளப் பாதை, முட்டிக்குச் சிரமமில்லை. அசாகுசாவில் சுமிதா ஆற்றங்கரையோரம் மாத்சுச்சியாமா ஷோதென் என்றொரு கோயில் இருக்கிறது. அது பிள்ளையாருக்கு. மூலவரைத் திரை விலக்கிக் காட்டமாட்டார்கள். பக்தர்கள் முழு முள்ளங்கியை வாங்கி வந்து சந்நிதியில் அடுக்குவார்கள், தூண், விளக்கு, படிக்கட்டு எங்கே பார்த்தாலும் முள்ளங்கி உருவம் செதுக்கியிருக்கும். அவர் பார்க்கட்டும், பேரப்பிள்ளைகளுக்கு அவர் வாயாலேயே விளக்கிச் சொல்லட்டும். அந்த ஒரு பொழுதாவது வழிகாட்டி அவர்தான். கூட வந்து பின்னால் நடக்கிற பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

உவேனோவிலிருந்து அசாகுசாவுக்கு டாக்ஸி வேண்டாம், கின்சா லைனில் போங்கள். 1927இல் ஓடத் தொடங்கிய இந்தத் துண்டுதான் ஆசியாவின் முதல் சுரங்க ரயில். ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. உவேனோ ஜி16, அசாகுசா ஜி19. இந்த வழியை மகளின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். “16ல ஏறுறோம், 19ல இறங்கணும், நீதான் சொல்லணும்” என்றால் போதும். 17, 18 என்று அவள் எண்ணிக்கொண்டு வருவாள், நீங்கள் யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் கதவருகே நிற்பாள். எங்கே போகிறோம் என்றே தெரியாமல் இழுபட்டுக்கொண்டு போவதுதான் 9 வயதுப் பிள்ளைக்குப் பெரிய அலுப்பு. போன முறை அவள் அறையை விட்டு வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

சின்னவனுக்கு ரயில் வேடிக்கையே போதும். 6 வயதுக்குக் கீழே என்பதால் அவனுக்கு டிக்கெட் இல்லை. அக்காவுக்குப் பாதிக் கட்டணம். நிலையக் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி அவளுக்குச் சிறுவர் ரயில் அட்டை வாங்குங்கள். கேட்டில் அந்த அட்டையை வைத்தால் பெரியவர்களுக்கு வருகிற ‘பிப்’ வராது, குருவிக் குஞ்சு கத்துவதுபோல் ‘பியோ பியோ’ என்று கேட்கும். தம்பி அதைக் கேட்பதற்காகவே அவளோடு ஓடுவான். யாமனோதே லைனில் 30 நிலையங்கள், முழு வட்டம் சுற்ற ஒரு மணி நேரம் ஆகும். பல நிலையங்களில் ரயில் கிளம்பும்போது வரும் இசை வெவ்வேறாக இருக்கும். மழை பெய்கிற மதியத்துக்கு இதைவிட நல்ல திட்டம் கிடையாது. பாட்டிக்கு உட்கார இடம், பிள்ளைகளுக்கு ஜன்னல். ஷிம்பாஷியிலிருந்து ஒதாய்பா போகும் யுரிகாமோமே ரயிலில் டிரைவரே கிடையாது. முதல் பெட்டியின் முன்வரிசை கிடைக்கும்வரை ஒன்றிரண்டு ரயில்களை விட்டுவிடுங்கள். ரயில் பெரிதாக ஒரு வளையம் போட்டு ரெயின்போ பாலத்தின்மேல் ஏறும்போது கீழே கடல் தெரியும். உங்கள் மகன் அப்போது தூங்கமாட்டான்.

ஒரு மதியம் கமாதா நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் நிஷி ரொகுகோ பூங்காவுக்குப் போங்கள். டயர் பூங்கா என்றுதான் சொல்வார்கள். பழைய டயர்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும், டயரிலேயே செய்த ராட்சத டைனோசர் மாதிரி உருவம் ஒன்று மரத்தைவிட உயரமாக நிற்கும், சரிவில் டயரில் உட்கார்ந்து சறுக்கலாம். நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. அந்தப் பேட்டைப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். மொழி தெரியாமலே உங்கள் மகள் அவர்களோடு சேர்ந்துகொள்வாள். மாலை 5 மணிக்கு அக்கம்பக்கத்து ஒலிபெருக்கியில் மெல்லிய இசை ஒன்று வரும். பேரிடர் எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்கின்றனவா என்று தினமும் பார்க்கும் ஏற்பாடு அது. பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டுக்குப் போகிற மணி. மாற்று உடுப்பு எடுத்துப் போங்கள், டயர்க் கறை போகாது.

சாப்பாட்டில் விட்டுக்கொடுக்காமல் இருங்கள். ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளமே தாஷி என்கிற சாறு. பெரும்பாலும் காய்ந்த மீனில்தான் அதை எடுப்பார்கள். அதனால் காய்கறி மட்டும் மிதக்கும் நூடுல்ஸ், மிசோ சூப், காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு எல்லாவற்றிலும் மீன் இருக்கும். “இறைச்சி இல்லைதானே?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அவர்கள் பொய் சொல்லவில்லை. இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை எதுவும் கூடாது, பாலும் தயிரும் கூடும் என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்த அட்டை ஒன்றை மாமியாரின் கைப்பையில் வைத்துவிடுங்கள். காலையும் இரவும் அறையிலேயே சமைக்கலாம். அரிசியும் காய்கறியும் தயிரும் எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் இங்கிருந்தே போகட்டும். பச்சைக் காய்கறி, பழம் எடுத்துப் போகாதீர்கள், தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒரு நாள் தோசாய் லைனில் நிஷி கசாய்க்குப் போய் வரலாம். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி அது, நம் சாப்பாட்டுக் கடைகளும் மளிகைக் கடைகளும் உண்டு.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மலையைப் பார்க்கப் போகிற ஃபூஜி ஒருநாள் சுற்றுலாவை எடுத்துவிடுங்கள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி பஸ்ஸிலேயே போய்விடும். மேகம் மூடினால் மலையும் தெரியாது. விடிகாலைச் சுகிஜி மீன் சந்தை மாமியாருக்கும் வேண்டாம், சின்னவனுக்கும் வேண்டாம். ஸ்கைட்ரீ 634 மீட்டர் என்பதற்காக மட்டும் ஏற வேண்டியதில்லை. ஷின்ஜுகுவில் டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடியில், 202 மீட்டர் உயரத்தில் இலவசமாகவே ஊரைப் பார்க்கலாம். வானம் தெளிவாக இருந்தால் ஃபூஜியும் அங்கிருந்து தெரியும். டிஸ்னிலாண்டை எடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முழு நாள் வேண்டும், அதற்கு அடுத்த நாள் அறையிலும் பூங்காவிலுமாகப் போகும். 6 நாளில் இரண்டு நாள் அதற்கே சரியாகிவிடும். மகளுக்கு அது கனவு என்றால் போங்கள். கணவரின் பட்டியலை நிரப்புவதற்காக என்றால் வேண்டாம்.

அகிஹபாரா, ராத்திரி ஷிபுயா, கின்சா கடைவீதி, சின்னச் சின்ன ராமென் கடைகள் இதெல்லாம் உங்கள் கணவருக்கு ஆசையான இடங்கள் என்று பட்டியலிலேயே தெரிகிறது. அவர் ஆசைப்படுவதில் தப்பில்லை. எட்டு மணிக்குப் பிள்ளைகள் படுத்ததும் அவர் தனியாகப் போய்வரட்டும். ராத்திரியில் அந்த இடங்கள் இன்னும் நன்றாக இருக்கும், கடைசி ரயிலும் நள்ளிரவை ஒட்டித்தான். அடுத்த நாள் ராத்திரி நீங்கள் போங்கள், அவர் பிள்ளைகளோடு இருக்கட்டும். ஒரே குடும்பமாக வந்தோம் என்பதற்காக ஐந்து பேரும் எப்போதும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்று சட்டமில்லை. செலவு பண்ணிவிட்டு அறையில் உட்காரவா என்று அவர் கேட்கிறார். 23 இடத்துக்குப் பணம் கட்டி, அதில் 15ஐத் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தால் அந்தச் செலவும் வீண்தானே என்று நீங்கள் கேளுங்கள். மாற்றிய திட்டத்தை எழுத்தில் போட்டுக் காட்டினால் அவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கூட்டத்தில் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே வீட்டில் ஒத்திகை பாருங்கள். பிள்ளை பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டு ரயில் கிளம்பினால், பிள்ளை இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது, நாங்கள் திரும்பி வருவோம். பிள்ளை ரயிலுக்குள் மாட்டிக்கொண்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி அதே இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு விதிதான். மகள் சொல்லிக்காட்டட்டும், மகன் கூடவே சொல்லட்டும். இருவர் சட்டைப் பையிலும் ஹோட்டல் முகவரியும் உங்கள் இருவர் எண்ணும் ஜப்பானிய எழுத்தில் இருக்கட்டும். கோபன் என்ற சின்னப் போலீஸ் சாவடிகள் பல நிலையங்களுக்கு அருகில் இருக்கும், முதல் நாளே ஒன்றைக் காட்டிவையுங்கள். போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. லேசான நிலநடுக்கம் வந்தால் பயப்படாமல் மேஜைக்கடியில் போக வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடலாம். நிலநடுக்க எச்சரிக்கையில் எல்லாப் போனும் ஒன்றாக அலறுவதுதான் பிள்ளைகளைப் பயமுறுத்தும், அப்படி வரலாம் என்று முன்பே தெரிந்தால் பாதி பயம் இல்லை.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை உள்ள வாரத்தைத் தவிருங்கள். அது கோல்டன் வீக், அங்கே உள்ளவர்களுக்கே பெரிய விடுமுறை. மே இரண்டாம் வாரத்துக்கு மேல் போனால் கூட்டமும் குறையும், ஹோட்டல் வாடகையும் இறங்கும், மழைக்காலமும் தொடங்கியிருக்காது. தெருவில் குப்பைத் தொட்டி கண்ணில் படாது, சின்னவன் தின்ற உறைகளைப் போட ஒரு பை எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

மருந்துப் பெட்டியைக் கட்டும்போது மட்டும் கவனமாக இருங்கள். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. வீட்டில் வழக்கமாகக் கொடுக்கும் சளி மருந்தின் பாட்டிலைக் குழந்தைகள் டாக்டரிடம் காட்டி, இந்த இரண்டும் இல்லாததாக எழுதி வாங்குங்கள். மாமியாரின் மாத்திரைகள் ஒரு மாத அளவுக்குள் இருந்தால் முன் அனுமதி தேவையில்லை. எல்லாவற்றையும் அட்டையோடு, மருந்துச் சீட்டோடு, பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.